அந்த ஆறு லட்சம் பேர் எங்கே போனார்கள்?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் மாலை ஆறு மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது. எட்டு மணிக்கு டி.வி.யில் வந்த பிரதமர், நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். அன்று மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது.

அந்தத் தேதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மார்ச் 24, உலக காசநோய் தினம். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ராபர்ட் கோச் என்ற ஜெர்மன் டாக்டர் 1882-ல் பெர்லினில் அறிவித்த நாள். வழக்கமாக அன்றைக்கு கலெக்டர் கொடியசைக்க, நர்ஸிங் மாணவிகள் பேரணி போவார்கள். பஸ் ஸ்டாண்டில் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். அந்த வருஷம் ஊரடங்குச் செய்தியில் காசநோய் தினம் காணாமலே போய்விட்டது.

தினம் போனால் போகிறது. அடுத்த ஒன்பது மாதங்களில் காணாமல் போனது அதைவிடப் பெரியது.

2019-ல் இந்தியாவில் 24 லட்சம் பேர் காசநோயாளிகளாக அரசின் கணக்கில் பதிவானார்கள். 2020-ல் அது 18 லட்சமாக இறங்கியது. சுமார் ஆறு லட்சம் பேர் குறைவு. உலகம் முழுக்கவே இந்தக் கணக்கு 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாகச் சரிந்தது. அந்தச் சரிவில் 41 சதவிகிதம் இந்தியாவுடையது என்றது உலக சுகாதார நிறுவனம்.

வேறு எந்த நோயாக இருந்தாலும், எண்ணிக்கை இப்படி இறங்கினால் ஸ்வீட் எடுத்துக் கொண்டாடலாம். இங்கே நோய் அப்படியேதான் இருந்தது. நோயாளியின் பெயர்தான் ரிஜிஸ்டரில் ஏறவில்லை. அந்த ஆறு லட்சம் பேரும் எங்கே போனார்கள் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள். இருமிக்கொண்டு.

மெஷினும் போனது, ஆளும் போனார்கள்

சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும் கருவிகள் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. ஜீன்எக்ஸ்பர்ட் என்று ஒன்று. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்று இன்னொன்று. இவற்றில் கார்ட்ரிட்ஜையோ சிப்பையோ மாற்றிப் போட்டால் கொரோனாவையும் கண்டுபிடிக்கலாம். 2020 ஏப்ரலில் ட்ரூநாட்டுக்கு அந்த அனுமதி கிடைத்தது. கொரோனா டெஸ்ட்டுக்குக் கருவியே கிடைக்காமல் நாடு தவித்த நேரம் அது. செய்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரத்தைத்தான் வைக்க முடியும்.

ஆட்களும் அப்படித்தான். ஒருவருக்கு நோய் வந்தால் அவர் யார் யாரோடு பழகினார், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு இருமல் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பட்டியல் எடுப்பது காசநோய்த் திட்டப் பணியாளர்களுக்குக் கைவந்த கலை. வருடக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கொரோனா வந்ததும் அரசுக்குத் தேவைப்பட்டது அதே வேலை. அவர்களை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பல ஊர்களில் நெஞ்சக நோய் வார்டுகளே கொரோனா வார்டுகளாகின. நோயாளிகளுக்கு ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவு போனது. ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. நோய் இருப்பதே தெரியாதவருக்கு யார் மாத்திரை கொடுப்பது?

பஸ் இல்லை. தனியார் கிளினிக்குகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. காய்ச்சல், இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மருந்து கேட்டாலே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வேறு. வீட்டு வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர்.

ஒரு வீட்டின் கதை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மூன்று வயதில் ஒரு பையன். 2020 பிப்ரவரியிலேயே அந்தப் பெண்ணுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. பஞ்சுத் தூசியாக இருக்கும் என்று நினைத்து இருமல் டானிக் வாங்கிக் குடித்திருக்கிறார். ஊரடங்கில் கம்பெனி மூடியது. கையில் இருந்த காசில் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மே மாதம் இ-பாஸ் வாங்கி, நாலு குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடித்து, தென் மாவட்டத்தில் இருக்கும் கணவரின் ஊருக்குப் போனார்கள்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்ததால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு.' பதினாலு நாள் அந்தத் தெருவில் யாரும் அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பால்காரர் முனையிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். சென்னையில் சில வீடுகளைத் தகரம் அடித்தே மூடினார்களே, அந்தப் படங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்த சமயம். பதினாலு நாள் முடிந்து ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு, அதை மறுபடி வரவழைக்கக்கூடிய ஒரே பொருள் அந்த வீட்டில் மருமகளின் இருமல்.

'சத்தமா இருமாதம்மா. பக்கத்து வீட்டுல போன் போட்டுச் சொல்லிருவாங்க' என்றாராம் மாமியார்.

'நான் என்ன அத்தை, வேணும்னா இருமுறேன்?'

கெட்ட மாமியார் இல்லை. மருமகளுக்குக் கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவர், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவர். பயம், அவ்வளவுதான். அந்தப் பெண் ராத்திரியில் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டு.

ஜூன் கடைசியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பயந்துகொண்டே கொரோனா டெஸ்ட்டுக்குப் போனார்கள். நெகட்டிவ். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்களாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக இருமும் ஒரு பெண், பத்து கிலோ எடை குறைந்த ஒரு பெண், மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுப் பார்க்கப்பட்டு 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். யாரும் சளி கேட்கவில்லை. இருமலோடு வருபவருக்குக் கொரோனாவோடு காசநோயும் பாருங்கள், காசநோயாளிக்குக் கொரோனாவும் பாருங்கள் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில்தான். அது டெல்லியில் கையெழுத்தாகி, ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜைக்கு வந்து சேர இன்னும் எத்தனை நாள் ஆனதோ!

செப்டம்பரில் சளியில் ரத்தம் வந்தது. அதன் பிறகுதான் சளிப் பரிசோதனை. காசநோய்.

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஏழு மாதம். அதில் நாலு மாதம் ஊரில், ஒரே கூரைக்குக் கீழே, ஐந்து பேர்.

மெட்ராஸ் சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த ஏழு மாதம் ஏன் முக்கியம் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கதைதான்.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரம் சானடோரியத்தை சவுரிமுத்து என்ற டாக்டர் 1928-ல் ஆரம்பித்தார். மின்சார ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் விலகி இருப்பது. மருந்து கண்டுபிடித்த பிறகும் இந்த முறைதான் தொடர்ந்தது. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு முன்னால் படுக்கைகளின் எண்ணிக்கை எந்த மூலைக்கு?

1956-ல் மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. அங்கே ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து. வீடு என்றால் மெட்ராஸின் நெருக்கடியான, ஏழைகளின் வீடுகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் குறைச்சல். முடிவு 1959-ல் வெளியானது. இரண்டு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. உலகமே அதன் பிறகுதான் வீட்டுச் சிகிச்சை பக்கம் திரும்பியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வீட்டில் வைத்து சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் முன்பே, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றியிருந்தது. சரியான மாத்திரை ஆரம்பித்துவிட்டால், சில வாரங்களிலேயே நோயாளி பரப்பும் கிருமி வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்படியென்றால் காசநோயில் ஆபத்தான காலம், இருமல் ஆரம்பித்த நாளுக்கும் மாத்திரை ஆரம்பித்த நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் காசநோய் ஒழிப்பு வேலையில் முக்கால்வாசி. கொரோனா செய்தது, அந்த இடைவெளியை இழுத்து நீட்டியது. அதுவும் நோயாளியையும் குடும்பத்தையும் ஒரே வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு.

மாஸ்க் போட்டோமே, அதனால் காசநோய் பரவுவதும் குறைந்திருக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். பஸ்ஸிலும் ஆபீஸிலும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். அடுப்படியில் யார் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்?

பலன் உடனே தெரியாது

கொரோனா தொற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் தெரிந்துவிடும். காசநோய் அப்படி அவசரப்படாது. கிருமி உடம்புக்குள் போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வரும். அதுவும் முதல் ஓரிரண்டு வருடங்களில் அதிகம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர், சாப்பாடு போதாதவர், குழந்தைகள், எச்.ஐ.வி. இருப்பவர் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆக, 2020-ல் மூடிய கதவுக்குப் பின்னால் பரவிய கிருமி 2021, 2022 என்று தவணை முறையில் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

ஆனால் சாவு மட்டும் காத்திருக்கவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக உலகில் காசநோய் இறப்பு குறைந்துகொண்டே வந்தது. 2020-ல் அது மேலே ஏறியது. உலக சுகாதார நிறுவனம் அப்போது போட்ட மதிப்பீட்டின்படி 2019-ல் 14 லட்சம், 2020-ல் 15 லட்சம், 2021-ல் 16 லட்சம். அந்த வருடங்களில் டி.வி.யின் ஓரத்தில் கொரோனா எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. இந்த எண் எந்த ஓரத்திலும் ஓடவில்லை.

இரண்டாவது அலையில் இன்னொரு சிக்கல். ஸ்டீராய்டு. ஆக்சிஜன் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் உயிரை அது காப்பாற்றியது, சந்தேகமில்லை. ஆனால் லேசான காய்ச்சலுக்குக்கூட, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைக் காட்டி வாங்கி விழுங்கினவர்கள் உண்டு. அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை இறக்கும். கறுப்புப் பூஞ்சை என்று எல்லோரும் அலறினோம். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமிக்கும் அதே கதவு திறக்கும் என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. கொரோனா வந்துபோன பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குப் பாருங்கள் என்று 2022 ஜனவரியில் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலேயே எழுதினார்கள். அதற்குள் நாம் மூன்றாவது அலைக்கு வந்திருந்தோம்.

அந்தத் தென் மாவட்டத்து வீட்டுக்குத் திரும்புகிறேன். மருமகள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து முதல் நாள் அலறியிருக்கிறார். மாத்திரையின் நிறம்தான், பயப்படாதே என்று சிஸ்டர் சொன்ன பிறகு சமாதானம். பையனுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை என்பதால் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடி ஆடுகிறான்.

2022 ஆரம்பத்தில் மாமனாருக்கு வந்தது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர். மருமகளிடமிருந்துதான் வந்தது என்று எந்த டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டார். டீக்கடையில் வந்திருக்கலாம், கல்யாண வீட்டில் வந்திருக்கலாம், வாலிபத்தில் தொற்றியது இப்போது விழித்திருக்கலாம். ஆனால் சொந்தக்காரர்கள் வாய்க்கு டாக்டர் சர்ட்டிபிகேட் தேவையில்லையே. 'அவ கொண்டாந்தது' என்ற பேச்சு அந்தப் பெண்ணின் காதுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவருக்காக ஒரே ஒருவர்தான் சண்டை போடுகிறார். மாமனார். 'என் சர்க்கரைக்கு நான் வாங்கின நோய். அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை சொன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்' என்று.

கொரோனா விட்டுச்சென்ற சில நல்லவை

எல்லாமே நஷ்டக் கணக்கு என்று எழுதினால் நியாயமாக இருக்காது. கொரோனாவுக்கு வாங்கிய ட்ரூநாட் கருவிகள் பிறகு காசநோய்ப் பரிசோதனைக்கு வந்தன. 2022-ல் இந்தியாவில் பதிவானவர்களின் எண்ணிக்கை மறுபடி 24 லட்சத்தைத் தாண்டியது. தொலைந்தவர்களைத் தேடிப் பிடித்த களப்பணியாளர்களுக்கு அதற்காக ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். 2020-க்கு முன்னால் அப்படி ஒரு பொருள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. விரலில் மாட்டினால் எண் காட்டும் அந்தக் குட்டிப் பெட்டியை வைத்து 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று பெயர். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்பதால் அல்ல. வரும்போதே உடம்பு அவ்வளவு மோசமாகிவிட்டிருக்கும். ஆகவே நோய் உறுதியான உடனேயே சில விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் தானாக எழுந்து நிற்க முடிகிறதா. இதற்கு லேபும் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட் டாக்டரும் வேண்டாம். இதில் தேறாதவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். ஒரு மாநிலம் முழுக்க இப்படிச் செய்தது இந்தியாவிலேயே தமிழ்நாடுதான் முதல். எந்தக் கூட்டத்திலும் இதைப் பற்றிப் பெரிதாகப் பெருமை பேசி நான் கேட்டதில்லை. பேசியிருக்கலாம்.

சாப்பாட்டு விஷயமும் ஒன்று. ஜார்க்கண்டில் நாலு மாவட்டங்களில், சரியாக இந்தக் கொரோனா வருடங்களிலேயே ஒரு ஆராய்ச்சி நடந்தது. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். இன்னொரு பகுதியில் வீட்டில் இருந்த எல்லோருக்குமே, ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. 2023-ல் முடிவு வந்தது. எல்லோரும் சாப்பிட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. நுரையீரலில் வந்து மற்றவர்களுக்குப் பரவும் வகை, கிட்டத்தட்ட பாதி. இதில் புது மருந்து எதுவும் இல்லை. நம் ரேஷன் கடையில் கிடைக்கும் சாமான்.

நோயாளிக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரும். இந்த விலைவாசியில் இது முட்டைக்கும் பருப்புக்கும் ஓரளவு ஆகும். ஆனால் ஒரு வீட்டில் உலை வைத்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தானே வைக்கிறோம்? நோயாளியின் தட்டில் மட்டும் முட்டையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வைக்காத அம்மாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லியில் அறிவித்தார்கள். 2015-ல் லட்சம் பேருக்கு 237 என்று இருந்த நோய், 2024-ல் 187 ஆகியிருக்கிறது. 21 சதவிகிதம் குறைந்திருக்கிறது. உலக சராசரியைவிட இது வேகம். ஆனால் வைத்த இலக்கு 80 சதவிகிதம். கொரோனா இல்லாவிட்டாலும் அந்த இலக்கை எட்டியிருப்போமா? சந்தேகம்தான். கொரோனாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவது சுலபம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது? கொரோனா நெகட்டிவ் என்றோ, இப்போதெல்லாம் எல்லோருக்கும்தான் இருமல் என்றோ விட்டுவிட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். போகுமுன் சந்தேகம் இருந்தால் 1800 11 6666 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கட்டணம் கிடையாது.

ஒரு சின்ன விஷயம், அங்கே அவசரத்தில் சொல்ல மறந்துவிடுவார்கள். டப்பாவைக் கொடுத்து சளி கேட்டால் நம்மில் பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறோம். எச்சிலில் பார்த்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வர வாய்ப்புண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக வரும். அறைக்குள் வேண்டாம், மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ, பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து. டப்பாவின் மூடியை இறுக்கி மூடி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.